ஊட்டியில் நீலம், கோவையில் ரோஸ்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கோத்தகிரி நர்சரியில் வாங்கும்போது ஹைட்ராஞ்சியா நல்ல நீலமாகப் பூத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தோட்டத்து மண்ணில் வைத்தேன். மறு வருஷம் ரோஸ் கலரில் பூக்கிறது. கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா சார்?"

இரண்டும் இல்லை. செடி அதேதான், மண்தான் வேறு.

கங்கைச் சமவெளியிலும் காவிரிப் படுகையிலும் வண்டல், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்த கரிசல், ராஜஸ்தானில் மணல், தீபகற்பம் நெடுகச் செம்மண் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் கடைசியில் தலைகாட்டும் சரளை மண்தான் நம் கதாநாயகன். லேட்டரைட் என்று 1807இல் இதற்குப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். லத்தீனில் செங்கல் என்று பொருள். அவர் பார்த்த இடம் மலப்புறம் பக்கத்து அங்காடிப்புரம். அங்கே அதை வெட்டி வீடு கட்டுவார்கள்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும்போது, சாலைக்காக வெட்டிய மேட்டைப் பாருங்கள். மேலே கறுப்பாக மட்கு. குளிரில் இலை தழை மெதுவாக மக்குவதால் சேர்ந்தது. அதன் கீழே செங்கல் சிவப்பு. அதற்கும் கீழே, கையால் நொறுக்கினாலே உதிரும் பாறை.

இந்தச் சிவப்பு மழையின் வேலை. களிமண் துகளின் மேல்பரப்பு பஸ் சீட் மாதிரி. கால்சியமும் மக்னீசியமும் பொட்டாசியமும் உட்கார்ந்திருக்கும். மழைநீரில் கரைந்த கரியமில வாயு லேசான அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றிவிடும். பழைய பயணிகள் இறங்கி ஓடையோடு போய்விடுவார்கள். பல்லாயிரம் வருஷம் இப்படியே போனால் சிலிக்காவும் மெல்லக் கரைந்துபோக, மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும்தான். மண்ணின் பி.எச். (அமில-கார அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கியதும், அதுவரை களிமண்ணுக்குள் பூட்டிக் கிடந்த அலுமினியம் கரைய ஆரம்பிக்கும்.

பெரும்பாலான பயிருக்கு அது விஷம், வேர் நுனியைக் கருக்கிவிடும். அதனால்தான் நீலகிரியில் காய்கறி வைப்பவர்கள் அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுகிறார்கள். தேயிலை அசராது, உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும். ஹைட்ராஞ்சியாவும் அந்த ரகம்.

நாம் இதழ் என்று நினைப்பது அதன் புல்லி. அதிலுள்ள நிறமி, டெல்ஃபினிடின் வகை, தனியாக இருந்தால் ரோஸ்தான். அலுமினியமும், காப்பிக்கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலத்துக்குப் பங்காளி முறையான இன்னொரு பொருளும் அதோடு கைகோத்தால் நீலம். அமிலத்தில் லிட்மஸ் சிவக்கும், இந்தப் பூ நீலமாகும். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்று எங்கள் குன்னூரில் சொல்வார்கள். புதைத்தால் நீலமாகத்தான் பூக்கும், புதைக்காவிட்டாலும் நீலம்தான்!

உங்கள் பக்கத்துக் கரிசலில் சுக்கான் கல் உண்டு, அது சுண்ணாம்பு. போர் தண்ணீரும் உப்புத் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம், அலுமினியம் கரையாது. மண்ணைப் பரிசோதித்தாலே தெரிந்துவிடும். ஆனால் நான் ஒருமுறை கொடுத்த மண் பொட்டலத்துக்கு முடிவு வருவதற்குள் ஒரு சீசனே போய்விட்டது. ராக்கெட்டுக்குச் செலவழிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பி.எச். மீட்டருக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். செடியைத் தொட்டிக்கு மாற்றுங்கள். கரிசல் வேண்டாம், செம்மண்ணும் இலை மட்கும் போதும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். மொட்டு வைப்பதற்கு முன்பிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, லிட்டருக்கு அரை டீஸ்பூன் படிகாரத்தூளைக் கரைத்து வேரில் விடுங்கள். படிகாரம் என்பது அலுமினிய உப்பு. கடைக்குக்கூடப் போக வேண்டாம். திருஷ்டிக்கு என்று மாமியார் வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டியிருந்தால் அதில் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள்.