சுளுக்கு ஆறியும் கால் ஏன் பிரள்கிறது?

கணுக்கால் சுளுக்கினால் ஐஸ் வைக்கிறோம், கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறோம், வீக்கம் வடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் கணிசமானோருக்கு அதே கால் திரும்பத் திரும்பப் பிரள்கிறது. படியிறங்கும்போது, மேடுபள்ளத்தில், சில நேரம் சமதரையிலும்கூட. சுளுக்கி ஓராண்டு தாண்டியும் இது தொடர்ந்தால், நாட்பட்ட கணுக்கால் தளர்ச்சி என்று மருத்துவர்கள் சொல்வார்கள்.

பாதம் உள்நோக்கி மடங்கும்போது, வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் முதலில் கிழியும். வேகம் அதிகமானால் குதிகால் எலும்போடு சேரும் ஜவ்வும் கிழியும். அவை நீண்டபடியே ஆறிவிட்டால் மூட்டு தளர்ந்துபோகும். ஆனால் ஜவ்வு உறுதியாக இருக்கிறவர்களுக்கும் கால் பிரள்கிறதே, அது எப்படி?

1965இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரீமன் ஒரு விளக்கம் தந்தார். ஜவ்விலும் மூட்டு உறையிலும் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அவை தகவல் அனுப்புகின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதமாகின்றன என்றார் அவர். மூளையும் தண்டுவடமும் தசைகளை இயக்கும் விதமே மாறிவிடுகிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளின் சேர்க்கை.

இதில் நேரக்கணக்கு முக்கியம். பாதம் மடங்குவதற்கு ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் உள்ள பெரோனியல் தசைகள்தான் பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துக் காக்க வேண்டும். மடங்கத் தொடங்கியபின் செய்தி போய், தசை சுருங்கி, விசை சேர்வதற்குள் கால் பிரண்டிருக்கும். அதனால் தரையைத் தொடும் முன்பே அந்தத் தசைகள் ஆயத்தமாக விறைத்திருக்க வேண்டும். தளர்ந்த கணுக்காலில் தவறுவது பெரும்பாலும் இந்த முன்னாயத்தம்தான்.

ஓய்வு மட்டும் இதைத் திருப்பித் தராது, பயிற்சி தரும். ஒற்றைக்காலில் நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு தலையணை மேல், பிறகு பந்தைப் பிடித்தபடி. ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது பெரோனியல் தசைக்கு வலு தரும். வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லித் தந்தால் நல்லது. விளையாடும்போது கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போடுவது உண்மையிலேயே உதவும். புதிதாகச் சுளுக்கிய காலை இழுத்து நீவுவதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணு எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பிரள்வது நிற்காதவர்களுக்கு அறுவை சிகிச்சை உண்டு. கிழிந்த ஜவ்வையே இறுக்கித் தைக்கும் முறையை 1966இல் ஸ்வீடனின் புரோஸ்ட்ரம் விவரித்தார். திருத்தங்களோடு இன்றும் அதுதான் பரவலாகச் செய்யப்படுகிறது. தையல் ஆறியதும் அதே ஒற்றைக்கால் பயிற்சி மறுபடி தொடங்கும். விளையாட்டுக்குத் திரும்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.