கலங்கரை விளக்கம்: சுழல்வது எது?

"கலங்கரை விளக்கு சுழன்றது" என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. சுழன்றது கோபுரமா, உள்ளே எரிகிற விளக்கா? இரண்டும் இல்லை. சுழல்வது விளக்கைச் சூழ்ந்திருக்கும் கண்ணாடி வில்லை (லென்ஸ்).

கலம் + கரை + விளக்கம். இங்கே கரை கடற்கரை அல்ல. காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்: அழைத்தல். உயர்ந்த மாடத்தில் இரவில் மூட்டிய தீயைச் சொல்லும் பெரும்பாணாற்றுப்படை "ஓடுகலம் கரையும் துறை" என்கிறது. "கலங்கரை விளக்கம்" என்ற முழுச்சொல் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும், பழங்காலக் கலங்கரை விளக்கம் நின்ற அலெக்சாந்திரியாவின் ஃபாரோஸ் தீவுப் பெயரையே சொல்லாக்கிக்கொண்டார்கள். நம் சொல்லோ செய்யும் வேலையைச் சொல்கிறது.

விளக்கம் என்றால் பொருளுரை என்று படித்துவிடுவார்களோ என்றுதான் விளக்கு ஆக்கினார்கள் போலும். பழந்தமிழில் விளக்கம் ஒளியையும் குறிக்கும். அந்த அச்சம் தேவையில்லை. பேச்சில் எப்படிச் சொன்னாலும் புரியும். தொழில்நுட்பம் எழுதும்போதுதான் இடிக்கிறது. பிரான்சின் ஜிரோந்து கழிமுகத்துப் பாறைத்தீவில் 1611இல் கட்டி முடிந்த கோர்துவான் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிரெனல் என்பவர் வடிவமைத்த வில்லை 1823இல் முதலில் ஏறியது அங்கேதான். அதைப் பற்றி "கலங்கரை விளக்கின் விளக்கு" என்று எழுத வேண்டியிருக்கிறது! கட்டடத்துக்கு விளக்கம், எரிவதற்கு விளக்கு, ஒளியைக் கற்றையாக்குவதற்கு வில்லை என்று வைத்தால் சிக்கலே இல்லை. ஈழத்தில் புழங்கும் "வெளிச்சவீடு" இந்த வகையில் தெளிவான சொல். வெளிச்சவீட்டு விளக்கு என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். "சுழல் விளக்கு"தான் வேண்டாத ஆக்கம்.

விளக்கு அசையாமல் எரியும். வில்லைக்குக் கற்றை வீசும் நான்கு முகங்கள் இருந்து, ஒரு சுற்றுக்கு 20 நொடி ஆனால், மாலுமிக்கு 5 நொடிக்கு ஒரு வீச்சு தெரியும். எந்த விளக்கம் என்று அவர் அறிவது அந்த இடைவெளியையும் வைத்துத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல டன் எடையுள்ள வில்லையைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஒரு விரலால் தள்ளினாலே நகரும். பாதரசத்தில் தூசும் படலமும் படிந்தால் உராய்வு கூடிச் சுற்று தாமதமாகும்; 5 நொடி 6 நொடியாகி, கடல் வரைபடத்தில் அச்சிட்ட குறிப்போடு ஒத்துப்போகாது. காவலர்கள் மென்தோலில் பாதரசத்தை வடிகட்டினார்கள். இதைப் போய் "விளக்கு மெதுவாகச் சுழன்றது" என்று பெயர்த்தால், படிப்பவர் தொட்டியை விட்டுவிட்டுத் திரியில் பழுது தேடுவார்.