குழந்தை உரிமைக் கல்வியை ‘விழிப்புணர்வு’ ஆக்காதீர்கள்

ஆசிரியர் பயிற்சிக்கான மொழிபெயர்ப்புக் கையேடு ஒன்றை அண்மையில் புரட்டினேன். அட்டையில் ‘குழந்தை உரிமை விழிப்புணர்வுப் பயிற்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூலத்தின் தலைப்பில் இருந்ததோ ‘கல்வி’. இதை அந்த ஒரு கையேட்டின் குற்றம் என்று சொல்லமாட்டேன். சுற்றறிக்கை, பாடத்திட்டம், செய்தி எதை எடுத்தாலும் இதே மொழிபெயர்ப்புதான் வந்து நிற்கிறது.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். ‘உரி’ என்ற அடியோடு ‘மை’ சேர்ந்தது உரிமை. உரிய, உரியவர், உரித்தான எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று ஒருவருக்கு உரியதாக இருக்கும் தன்மை என்பது பொருள். அதிகாரி எழுதிக் கொடுத்து, வேண்டாதபோது ரத்து செய்கிற லைசென்சுக்கு ‘உரிமம்’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டோம். நல்ல பிரிப்பு. கொடுத்து வாங்குவது உரிமம், பிறப்போடு வருவது உரிமை.

பேச்சுத் தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. ‘உரிமையோடு கேட்டேன்’, ‘உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லையா?’ என்கிறோமே, அங்கே உரிமை என்றால் நெருக்கம். அந்த நெருக்கத்தைக் காட்டி அதிகாரம் செய்வது பெரும்பாலும் பெரியவர்கள்தான். ‘பெத்தவனுக்கு அடிக்க உரிமை இல்லையா?’ என்ற கேள்வியைக் கேட்டு வளராதவர் குறைவு. ஆகவே, ஆசிரியராகப் போகிறவர் மனத்தில் குழந்தை உரிமை என்ற தொடர் விழும்போது, குழந்தைமேல் தனக்குள்ள உரிமையும் கூடவே எட்டிப்பார்க்கும். இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்து பேச வேண்டும், வாதாட வேண்டும், பழக வேண்டும். அதற்குப் பெயர் கல்வி.

விழிப்புணர்வு என்ற சொல்லின்மீது எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. ஆனால் அது எந்த வரிசையில் நிற்கிறது பாருங்கள். புகையிலை விழிப்புணர்வு, தீ விபத்து விழிப்புணர்வு, இணைய மோசடி விழிப்புணர்வு. எல்லாமே ஆபத்துகள்! ‘விழிப்பாக இரு’ என்றால் உஷாராக இரு என்றுதானே காதில் விழுகிறது? இந்த வரிசையில் குழந்தை உரிமையையும் உட்காரவைத்தால், குழந்தைகளின் உரிமையிடம் ஆசிரியர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்றாகிவிடும். சிலர் அப்படித்தான் புரிந்தும் வைத்திருக்கிறார்கள். ‘இப்பல்லாம் பசங்களைத் தொடக்கூட முடியாது, சட்டம் வந்திடுச்சு’ என்ற புலம்பல் அந்தப் புரிதலிலிருந்து வருவதுதான்.

அப்புறம், விழிப்புணர்வு என்பது தெரியப்படுத்துவதோடு முடிந்துவிடும். 2011இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் கல்வி, பயிற்சி குறித்த பிரகடனம் மூன்று நிலைகளைச் சொல்கிறது. உரிமைகளைப் பற்றிக் கற்பது, உரிமைகளை மதிக்கும் வழியில் கற்பது, உரிமைகளுக்காகச் செயல்படக் கற்பது. ‘பற்றி’யை வேண்டுமானால் விழிப்புணர்வு தொடலாம். ‘வழி’யும் ‘காக’வும் அதற்கு எட்டாது.

நான் பார்த்த ஒரு பாடக்குறிப்பு இது. கற்றல் விளைவு: ‘மாணவர்கள் வாழ்வுரிமை, வளர்ச்சி உரிமை, பாதுகாப்பு உரிமை, பங்கேற்பு உரிமை ஆகிய நான்கையும் கூறுவர்.’ மதிப்பீடு: ‘நான்கு உரிமைகளையும் பார்க்காமல் எழுதுக.’ குறிப்பு எழுதிய மாணவ ஆசிரியரை இதற்குக் கோபித்துப் பயனில்லை, அவருக்குச் சொல்லித்தந்த அளவு அவ்வளவுதான். வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து, ‘பங்கேற்புன்னா, இந்த வகுப்புல எதை நாங்க முடிவு பண்ணலாம்?’ என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? ஒருவர் சத்தம் போட்டதற்கு வகுப்பு முழுவதற்கும் விளையாட்டு நேரத்தை ரத்து செய்தால், ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்லும் விளையாடும் உரிமை அங்கே என்ன ஆகிறது? பயிற்சிக் காலத்திலேயே இவற்றோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் வகுப்பில் பதில் வரும்.

சொல்வரிசையிலும் ஒரு குழப்பம் நடக்கிறது. உரிமைக் கல்வி வேறு, கல்வி உரிமை வேறு. 1989இல் ஏற்கப்பட்ட அதே உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு கல்வி உரிமையைப் பேசுகிறது. உடன்படிக்கையின் கொள்கைகளைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரவலாகத் தெரியப்படுத்தும் பொறுப்பை அரசுகளிடம் ஒப்படைப்பது 42ஆம் பிரிவு. பள்ளியில் இடம் கிடைப்பது கல்வி உரிமை. உள்ளே வந்த குழந்தை தன் உரிமையை அறிவது உரிமைக் கல்வியைச் சேர்ந்தது. இரண்டையும் மாற்றிப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ‘க்’ ஒற்றையும் விட்டுவிட்டால், வாசகர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொரு கைவரிசையும் உண்டு. மூலத்தில் ‘உரிமைகள்’ என்று மட்டும் இருக்க, தமிழில் ‘உரிமைகளும் கடமைகளும்’ என்று ஒட்டிவிடுவார்கள். அந்த உடன்படிக்கை குழந்தைகளுக்கென்று கடமைப் பட்டியல் எதையும் போடவில்லை, அதில் கடமைப்பட்டவை அரசுகள். குழந்தைகளின் பொறுப்புகளைச் சொல்லும் ஆவணமும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் ஆப்பிரிக்கக் குழந்தை உரிமைச் சாசனம் தன் 31ஆம் பிரிவில் அவற்றைத் தருகிறது. அதை மொழிபெயர்க்கும்போது தாராளமாக எழுதுங்கள். இல்லாத இடத்தில் சேர்த்தால், வீட்டுப்பாடம் முடித்தால்தான் உரிமை என்று வகுப்பில் போய் முடியும்.

‘குழந்தை’ என்ற சொல் 17 வயதுக்காரருக்குப் பொருந்தாது என்பவர்கள் ‘சிறார்’ என்கிறார்கள். இலங்கையில் ‘சிறுவர் உரிமை’ நிலைத்த வழக்கு. எதுவானாலும் எனக்குச் சம்மதம். பயிற்சியில் இருப்பவரை மட்டும் ‘வருங்கால ஆசிரியர்’ என்று எழுதவேண்டாம், தேர்தல் சுவரொட்டி போல இருக்கிறது. ‘மாணவ ஆசிரியர்’ போதும். ‘மாணவ ஆசிரியர்களுக்கான குழந்தை உரிமைக் கல்வி’ என்று பாடத்துக்குப் பெயர் வையுங்கள். ஒருநாள் பதாகை பிடித்துத் தெருவைச் சுற்றிவருவதாக இருந்தால், அதை விழிப்புணர்வுப் பேரணி என்றே போட்டுக்கொள்ளலாம்.