அடுத்தவங்க மருந்துச் சீட்டுல உங்க வைத்தியம் இல்லீங்க

இன்னைக்கும் ஒரு அண்ணன் வந்தார். சுகர் மெஷின்ல நம்பரே வரல, 'ஹை'னு மட்டும் காட்டுது. என்ன மாத்திரை போட்டீங்கன்னு கேட்டா போனை நீட்டுறார், வாட்ஸ்அப்ல வந்த சீட்டு, பேஷண்ட் பேரு இருக்குற எடத்தை யாரோ கட்டைவிரலால மறைச்சு எடுத்த போட்டோ. மூணாவது வரியில டெக்ஸா, அதாவது டெக்ஸாமெதாசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை. காய்ச்சல் வந்த ரெண்டாவது நாளே ஆரம்பிச்சிருக்கார், மெடிக்கல் ஷாப்லயும் ஒரு வார்த்தை கேக்காம குடுத்துட்டாங்க. 2021ல கொரோனா ரெண்டாவது அலையில இதே கதையைக் கேட்டுக் கேட்டு ஆத்தாமைதான் மிச்சம், அதான் எழுதுறேன்.

பயம் எனக்குப் புரியுது. 2021 மே மாசம் சென்னையில ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்னதை டிவியில பாத்த யாருக்கும் வீட்டுலயே சமாளிச்சுடலாம்னுதான் தோணும். ஆவி, கபசுரக் குடிநீர், விரல்ல மாட்டி ஆக்சிஜன் அளவு பாக்குற ஆக்சிமீட்டர்னு எல்லார் வீடும் அப்போ பாதி கிளினிக் மாதிரிதான் இருந்துச்சு. பத்திரமா இருக்கணும்னு இவ்வளவு மெனக்கெடுறவங்க ஸ்டீராய்டை மட்டும் வைட்டமின் மாத்திரை கணக்கா முழுங்குறதுதான் தாங்க முடியல.

"எங்க மச்சானுக்கு இதுலதான் சரியாச்சு டாக்டர்"னு சொல்றாங்க. சரியாயிருக்கும்ங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா உங்க மச்சானுக்கு அதை எந்த நாள்ல குடுத்தாங்க, அப்போ ஆக்சிஜன் எவ்வளவு இருந்துச்சு, அவருக்கு சுகர் உண்டா, இது எதுவும் அந்த போட்டோவுல இல்ல. 2020ல இங்கிலாந்துல ரெகவரினு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, டெக்ஸாமெதாசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டர்ல இருந்தவங்க, ஆக்சிஜன் வெச்சிருந்தவங்க மத்தியில சாவு குறைஞ்சுது. ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு ஒரு பலனும் தெரியல. அதே மாத்திரைதான், ஆனா மொத வாரம் வைரஸ் பெருகிட்டு இருக்கும்போது போட்டா உடம்போட எதிர்ப்பைத்தான் அமுக்குது, சுகரையும் ஏத்துது. சீக்கிரம் போட்டா சீக்கிரம் குணம்ங்கிற கணக்கு இதுல செல்லவே செல்லாது. "சும்மா அரை மாத்திரைதான் போட்டேன்"னு சொல்றவங்களுக்கும் இதேதான்.

மூக்கு, கண்ணுன்னு பரவுற கருப்புப் பூஞ்சை நோய் கூடிப்போய் 2021 மே 20 அன்னைக்கு தமிழ்நாடு அரசு அதை, கேஸ் வந்தா கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயா ஆக்குச்சு. அதுக்கான ஆம்போடெரிசின் ஊசிக்கு ஜனங்க அலைஞ்சதை நாங்க பாத்தோம். கட்டுப்படாத சுகரும் தேவையில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்தா அதுக்கு வாசலைத் திறந்து விட்ட மாதிரி.

காய்ச்சல்னா பாராசிட்டமால், தண்ணி, ரெஸ்ட், டெஸ்ட். மொத நாளே சிடி ஸ்கேனுக்கு ஓடாதீங்க. ஆக்சிமீட்டர் போடுறதுக்கு முன்னாடி நெயில் பாலிஷை அழிங்க, கை சில்லுனு இருந்தா தேய்ச்சு சூடாக்குங்க, அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு அப்புறம் பாருங்க. 94க்குக் கீழ போனாலோ, ரூமுக்குள்ள ஆறு நிமிஷம் நடந்ததும் சட்டுனு இறங்குனாலோ வீட்டுல வெச்சுப் பாக்காதீங்க, 108க்கு போன் போடுங்க. வெளிய போகப் பயமா இருந்தா 104க்குப் பேசுங்க, இல்ல இ-சஞ்சீவனியில டாக்டரை வீடியோவுல பாருங்க, காசே கிடையாது.

மெடிக்கல் ஷாப் தம்பிங்களா, சீட்டுல இருக்குற பேரும் தேதியும் பாத்துட்டு குடுங்கப்பா, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.

ஏற்கனவே பல நாளா ஸ்டீராய்டு போட்டுட்டு இருக்குறவங்க இதைப் படிச்சுட்டு பயந்துபோய் திடீர்னு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து, டாக்டர்கிட்ட கேட்டுதான் குறைக்கணும். அதுவரைக்கும் சுகரை தினமும் பாருங்க, இதுவரை சுகரே இல்லாதவங்களும்தான். ஒரு பக்கக் கன்னம் மரத்துப் போறது, கண்ணு வீங்குறது, ஒண்ணு ரெண்டா தெரியுறது, மேல்பல் ஆடுறது, மூக்குல கருப்பா வடியுறது, இதெல்லாம் கருப்புப் பூஞ்சையோட அறிகுறி, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.