பழைய டீசல் பிக்கப் வாங்குமுன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய பிக்கப் வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கிலோமீட்டரையும் அடுத்துப் பெயிண்ட்டையும் பார்க்கிறார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் புதிதாக்கிவிடலாம் என்பதால், பட்டறைக்குச் சோதனைக்கு வரும் வண்டியில் நான் அவற்றைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். இந்த வண்டி இதுவரை எதைச் சுமந்தது என்பதே என் முதல் கேள்வி.

தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியென்றால், பெட்டிகளிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சேஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) உட்புறத்திலும், குறுக்குச் சட்டங்கள் இணையும் மூலைகளிலும், ஸ்பிரிங் தாங்கிகளிலும் தேங்கி, வெளியே தெரியாமல் இரும்பை அரித்திருக்கும். அடிப்பாகத்தில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், செதில் பிடித்தது மந்தமாக ஒலித்துத் தூள் உதிரும். ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிய வண்டியில் துரு குறைவு, ஆனால் பாரம் அதிகம்: ஒருபக்கம் தொய்ந்த ஸ்பிரிங் பட்டையை மாற்றலாம், சேஸில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இன்ஜினைப் பிரித்துப் புதிதாக்கலாம். இற்றுப்போன சேஸை அப்படிச் செய்ய முடியாது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் லேசான ஆவி வருவது இயல்பு; புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்துவிட்டன.

டீசலை மெக்கானிக்கல் பம்ப் செலுத்தும் பழைய இன்ஜினுக்குப் புகை சற்று அதிகம், ஆனால் வேலை எளிது. காமன் ரெயில் என்னும் புதுவகை இன்ஜினில் டீசல் 1000 பார் (அழுத்த அலகு) அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்வதால், அதில் கலந்த சிறிது தண்ணீரே டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். டீசல் ஃபில்டர் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். ஏப்ரல் 2020 முதல் வந்த பிஎஸ் 6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகை வெளியேறும் வழியில் கரித்துகள் ஃபில்டர் உண்டு. அது தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக நீண்ட ஓட்டம் தேவை. ஊருக்குள் மட்டுமே ஓட்டுபவருக்கு அது தீராத தலைவலி.

எட்டு ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்று) ஃபைனான்ஸ் கடன் பதிவு நீங்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.