அலமேலு: பூவின் மேல் நிற்கும் ஒரு பெயர்

பழைய வீடுகளின் பரணில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடங்களின் கழுத்தில், உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக் குடம் ஒன்றில் ‘ச. அலமேலு’ என்று இருக்கிறது. ‘மே’யின் கொம்பு மட்டும் தேய்ந்துபோய், அவசரத்தில் படிப்பவருக்கு ‘அலமலு’ என்று தெரியும். இரண்டு தலைமுறைக்கு முன் தெருவுக்கு ஒருவராவது தாங்கியிருந்த இந்தப் பெயர், இன்று நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் மாமிக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. ஓசையை வைத்து இது தெலுங்கு என்பாரும் வடமொழி என்பாரும் உண்டு. உண்மையில் இதன் ஒவ்வோர் எழுத்தும் தமிழ்.

இதன் முழு வடிவம் ‘அலர்மேல் மங்கை’. அலர்தல் என்றால் விரிதல். விரிந்த பூவுக்கு அலர் என்று பெயர். தாமரை மலரின் மேல் வீற்றிருக்கும் திருமகளை இத்தொடர் குறிக்கிறது. அதே வேரிலிருந்துதான் ஊர்ப்பேச்சு என்ற பொருளில் வரும் ‘அலர்’ என்ற அகப்பொருள் சொல்லும் பிறந்தது: காதலைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், அது வெளிப்பட்டு விரிந்தால் அலர். குறளின் 115ஆம் அதிகாரமான ‘அலரறிவுறுத்தல்’ இதைப் பற்றியது. நல்லவேளையாக, பெயர் வைத்தவர்கள் பூவைத்தான் நினைத்தார்கள்.

‘அலர்மேல்’ பேச்சில் ‘அலமேலு’ ஆனதற்குக் காரணம் இரண்டு. நடுவிலிருந்த ரகர மெய் நழுவியது. ‘பார்த்தேன்’ என்பதைப் ‘பாத்தேன்’ என்னும் நாவுக்கு இது புதிதன்று. அடுத்து, மெய்யில் முடியும் சொல்லுக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தால் பால் ‘பாலு’ ஆவதுபோல மேல் ‘மேலு’ ஆயிற்று.

இவை சாதாரண ஒலித் தேய்வுகள். வியப்புக்குரியது இலக்கணத்தில் நடந்தது. ‘மேல்’ என்பது நன்னூல் அடுக்கிக் காட்டும் ஏழாம் வேற்றுமை உருபுகளுள் ஒன்று. ‘அலர்மேல் மங்கை’ என்னும் தொடரில் அந்த உருபு வெளிப்படையாக நிற்க, ‘உறையும்’ என்ற வினை மட்டும் மறைந்திருக்கிறது. பெயரைச் சுருக்கியவர்களோ மங்கையை எடுத்துவிட்டு, அவள் இருக்கும் இடத்தை வைத்துக்கொண்டார்கள். ஆகவே ‘அலமேலு’ என்று கூப்பிடும்போது நாம் சொல்வது ‘பூவின் மேல்’ என்பது மட்டுமே. வேற்றுமை உருபில் முடிந்து, ஆளைச் சொல்லாமல் இருக்கையைச் சொல்லும் பெண்பெயர் வேறொன்று எனக்கு நினைவில் வரவில்லை.

இத்தொடர் வைணவர் நாவில் நிலைபெற்றதற்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழிப் பாசுரம் ஒன்று பெருங்காரணம். ‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா’ என்று தொடங்கித் திருவேங்கடத்தானைச் சரணடையும் பாசுரம் அது. பூவின் மேல் இருக்கவேண்டியவள், ‘நொடியும் பிரியமாட்டேன்’ என்று மார்பில் உறைகிறாள். பாடுகிறவரோ ‘உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே’ என்று முடிக்கிறார். முதலடியில் ‘மேல்’, கடைசியடியில் ‘கீழ்’. நன்னூல் நூற்பாவிலும் இவ்விரு உருபுகளும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

திருப்பதிக்கு அருகே திருச்சானூரில் தனிக்கோயில் கொண்டிருக்கும் தாயாருக்கு வடமொழியில் பத்மாவதி என்றும், தமிழில் அலர்மேல்மங்கை என்றும் பெயர். 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் அவளைத் தெலுங்கில் ‘அலமேலுமங்க’ என்றே பாடினார். தமிழின் ஐகார ஈறு அங்கே அகரமாயிற்று; தெலுங்கில் ‘மேலு’ என்றால் நன்மை என்பதால், அந்தக் காதுக்கு இப்பெயர் வேறொரு நற்பொருளையும் சேர்த்து ஒலித்திருக்கும். இவ்வாறு எல்லை தாண்டிப் போன சொல் ஈற்றில் ‘மங்கா’ என்ற சாயலோடு திரும்பி வந்தது. சென்னை மயிலாப்பூரில் உள்ள அலமேலுமங்காபுரம் அதற்குச் சான்று. தெலுங்குப் பெயர் என்ற மயக்கமும் இந்த வழியாக வந்ததே.

கன்னட நாட்டிலோ இப்பெயருக்கு அச்சம் கலந்த மரியாதை உண்டு. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா, தன் நகைகளைக் கேட்டுத் துரத்தியவர்களிடமிருந்து தப்பிக் காவிரியில் குதித்தாள் என்றும், ‘தலக்காடு மணலாகட்டும், மைசூர் அரசருக்கு மக்கள் இல்லாமற் போகட்டும்’ என்று சபித்தாள் என்றும் கதை. அது வரலாறா என்பது வேறு வழக்கு. தலக்காட்டுக் கோயில்கள் மணலில் புதைவதென்னவோ கண்கூடு.

‘அலை மேல்’ என்று பிரித்துப் பாற்கடலோடு பொருத்தவும் சிலருக்குத் தோன்றலாம். பாசுரத்திலேயே ‘அலர்’ என்று தெளிவாக இருக்கையில் அதற்கு இடமில்லை. பத்மாவதியும் நேர் நிகரன்று. ‘தாமரையை உடையவள்’ என்பதோடு அது நின்றுவிடுகிறது, இருக்கையைச் சொல்வதில்லை. பத்மாசனி என்பதே நெருங்கி வருகிறது.

தூய தமிழ்ப் பெயர் தேடுவோர் இதை மாற்றத் தேவையில்லை. தேய்ந்த எழுத்தைத் திருப்பி வைத்தால் போதும். அலர்மேல்மங்கை என்றோ, பரதநாட்டியக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரில் உள்ளதுபோல அலர்மேல் என்றோ எழுதலாம். நீளம் என்று தயங்குவோருக்கு, நம்மாழ்வாரே ஆண்ட ‘மலர்மகள்’ இருக்கிறது. குறள் சொல்லும் ‘தாமரையினாள்’ அழகுதான், ஆனால் பள்ளி வருகைப் பதிவேட்டில் படாதபாடு படும். எதை வைத்தாலும் வீட்டில் சுருக்குவார்கள். அலமேலுவை ‘அலமு’ என்று கூப்பிட்ட வீடுகளில், மங்கையோடு ‘மேல்’ என்பதும் போய், அதன் மகரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.