மார்கழிக் காலையில் எழும்ப மறுக்கும் கணினி

மல்லாவியில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தும் வாசகர் ஒருவர், பழைய கணினி வாங்குவது பற்றி ஒரு கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார். அவரிடம் இருக்கும் பென்டியம் 4 கணினியில் கோயில் திருவிழா நோட்டீஸ்கள், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், இறந்தவர் நினைவாக அச்சிடும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு நூல்கள் ஆகியவை பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகளாக, பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கணக்கு எழுதுவதோ விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து நிரல் ஒன்றில். மார்கழி தொடங்கியதிலிருந்து காலையில் ஆளியை நாலைந்து தடவை அழுத்தினால்தான் கணினி எழும்புகிறது, வெயில் ஏறிய பின் எந்தக் குறையுமில்லை. ஒரு நாள் கற்பூரம் காட்டிவிட்டு அழுத்தியபோது உடனே எழும்பியதாம். ஆகவே கண்ணூறுதான் காரணம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வவுனியாவில் கடையொன்றில் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன, ஒன்றில் நினைவகம் கூட, மற்றையது ஓர் அலுவலகத்திலிருந்து கழித்து வந்தது, எதை வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

பழைய கணினிதான் வேண்டுமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. 'எம்' என்ற எழுத்தின் இடத்தில் 'அ' இருக்கும். அதனால் எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளே தெரியும். எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம், ஆனால் பக்க அமைப்பு பேஜ்மேக்கருக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்த 7.0, அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த இன்டிசைன் மென்பொருளும் சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு அந்த வசதியைக் கைவிட்டுவிட்டது. டொஸ் நிரலின் கதை வேறு. கணினியின் மூளையான முறைவழியாக்கி (புரொசெசர்) வரிசையில், 1985இல் வந்த 80386இலிருந்து, 1978ஆம் ஆண்டின் 8086 போல நடித்துப் பழைய நிரலை ஏமாற்றி ஓடவைக்கும் திறன் ஒன்று முறைவழியாக்கிக்குள்ளேயே இருந்து வந்தது. 64 பிட் முறைக்குள் நுழைந்தவுடன் அந்த நடிப்புக்கு இடமில்லாமற் போகிறது, ஆகையால் 64 பிட் விண்டோஸில் டொஸ் நிரல் நேரடியாக ஓடாது. டொஸ்பொக்ஸ் போன்ற மென்பொருள்கள் விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சமாந்தரத் துறையில் மாட்டிய டொட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் பற்றுச்சீட்டு அடிப்பது அவற்றின் நோக்கமன்று. எனவே 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியைத் தேடுவது சரியான முடிவே.

நினைவகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 32 பிட் எக்ஸ்பிக்கு 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தத் தெரியாது, பேஜ்மேக்கருக்கு 1 ஜிபியே தாராளம். வன்தட்டுக்குப் பதிலாகச் சிறிய எஸ்எஸ்டி போடலாம், ஆனால் எக்ஸ்பியை நிறுவும் முன், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸ் அமைப்பில் வட்டின் முறையை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

கடைக்காரர் சொல்லாததும், விலைச்சீட்டில் எழுதப்படாததுமான உறுப்பு ஒன்று இருக்கிறது. கற்பூரத்தின் மர்மமும் அதற்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், முறைவழியாக்கியைச் சுற்றி விரல் நுனியளவு உயரமான உருளைகள் வரிசையாக நிற்பது தெரியும். அவைதான் மின்னைத் தேக்கி வைத்துக் கொடுக்கும் மின்பகுபொருட் கொள்ளளவிகள்.

பென்டியம் 4 ஏறத்தாழ 1.4 வோல்ற்றில் இயங்குகிறது. அது 80 வாற்று வலுவை உறிஞ்சும்போது பாயும் மின்னோட்டம் 57 அம்பியரைத் தொடும். வீட்டுக்கு வரும் சாதாரண ஒருகட்ட மின்னிணைப்பே 30 அம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், விரல்நகம் அளவான சிலிக்கன் துண்டுக்குள் என்ன ஓடுகிறது என்பது விளங்கும். மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ற்றைத் தாய்ப்பலகையிலுள்ள சீராக்கி, செக்கனுக்கு இரண்டு மூன்று இலட்சம் தடவை திறந்து மூடி, துண்டு துண்டாக வெட்டித்தான் இந்தக் குறைந்த அழுத்தத்துக்கு இறக்குகிறது. வெட்டி வரும் துடிப்புகளை அப்படியே கொடுத்தால் முறைவழியாக்கி தடுமாறும்.

வன்னியில் வளர்ந்தவருக்கு இந்த இடத்தில் குளத்தைவிட நல்ல உவமை கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் வானம் கொட்டித் தீர்த்துவிடுகிறது, சிறுபோக நெல்லோ ஆடி வெயிலில் தண்ணீர் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்று கொடுப்பது குளம். சீராக்கியின் துடிப்புகள் மழை, முறைவழியாக்கி வயல், கொள்ளளவி குளம். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் குளம் செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை நிரம்பி இறங்குகிறது.

இவ்வளவு சிறிய உருளைக்குள் இவ்வளவு பெரிய குளம் எப்படி அடங்குகிறது என்பதில்தான் எனக்கு வியப்பு தீராமல் இருக்கிறது. உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், அவற்றுக்கிடையே மின்னைக் கடத்தும் திரவமான மின்பகுபொருளில் ஊறிய கடதாசி, எல்லாம் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டப்பட்டிருக்கும். கடதாசிதான் மின்னைக் கடத்தாமல் இரண்டையும் பிரித்து வைக்கும் மின்னுழையம் என்று நினைப்பது இயல்பு, நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் மின்னுழையமாக இருப்பது நேர்முனையான அனோட்டுத் தாளின் மேல் வளர்க்கப்பட்ட அலுமினியம் ஒட்சைட்டுப் படலம். கடதாசியில் ஊறிய திரவமே மறுமுனை. தகடுகளின் இடைவெளி குறையக் குறைய கொள்ளளவம் கூடும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். இந்தப் படலத்தின் தடிப்பு ஒரு வோல்ற்றுக்கு 1.4 நானோமீற்றர் அளவே, 6.3 வோல்ற்றுக் கொள்ளளவியில் பத்துச் சொச்ச நானோமீற்றருக்கு மேல் போகாது, தலைமயிரின் தடிப்போ பல்லாயிரம் நானோமீற்றர். போதாததற்குத் தாளை அமிலத்தால் அரித்து நுண்ணிய குழிகளாக்கி, அதன் மேற்பரப்பைப் பல மடங்கு பெருக்கிவிடுகிறார்கள்.

அந்தப் படலம் எங்காவது பழுதுபட்டால் அந்தப் புள்ளியில் மின் கசிகிறது. கசியும் மின்னோட்டமே மின்பகுபொருளிலுள்ள நீரைப் பகுத்து, அங்கே ஒட்சிசனைச் சேர்த்து, புதிய ஒட்சைட்டை வளர்த்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. குளக்கட்டில் விழுந்த வெடிப்பைக் கசியும் தண்ணீரே மண் கொண்டுவந்து அடைப்பதுபோன்ற வேலை இது. கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்தத் திருத்தவேலை நடக்கிறது, ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடந்தால் நின்றுவிடுகிறது. நெடுநாள் உறங்கிய கணினியை வாங்கினால், முதல் அரை மணி நேரம் பயோஸ் திரையிலேயே சும்மா விட்டுவைப்பது என் வழக்கம்.

ஆனால் திரவம் இருக்கும் வரைதான் இந்த வித்தை நடக்கும். கொள்ளளவியின் அடியிலுள்ள இறப்பர் அடைப்பினூடாகத் திரவம் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. திரவம் குறைந்ததும் உள்தடை ஏறுகிறது. குளத்தில் தண்ணீர் இருந்தும் அதைத் திறந்துவிடும் துருசு மண்ணால் அடைபட்ட நிலை அது. திரவத்துக்குள் மின்னைக் காவுபவை அயன்கள்; குளிரில் திரவம் தடித்து அயன்களின் ஓட்டம் தளர்வதால் தடை இன்னும் ஏறுகிறது. புதிய கொள்ளளவி இதைப் பொருட்படுத்தாது, வற்றிய கொள்ளளவிக்கு இதுவே கடைசிச் சுமையாகிவிடுகிறது. ஆளியை அழுத்தியதும், இதே வகைக் கொள்ளளவிகளைக் கொண்ட மின்வழங்கி தன் அழுத்தங்களை நிலைப்படுத்தி, 100 முதல் 500 மில்லிசெக்கனுக்குள் 'எல்லாம் சரி' என்ற சமிக்ஞையைத் தாய்ப்பலகைக்கு அனுப்ப வேண்டும். மார்கழிக் காலைக் குளிரில் அது தவறிப்போகிறது. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பாயும் மின்னோட்டம் அந்தத் தடையிலேயே வெப்பமாகிக் கொள்ளளவியைச் சற்றுச் சூடாக்க, நாலாவது ஐந்தாவது தடவையில் துருசு திறந்துவிடுகிறது. கற்பூரம் காட்டிய நாளில், சுவர் ஆளியைப் போட்டுவிட்டு, விளக்கேற்றி, தேவாரம் பாடி முடிப்பதற்குள் கணினி எழும்பாதபோதும் மின் ஓடும் மின்வழங்கியின் காத்திருப்புச் சுற்று போதிய அளவு சூடாகியிருக்கும். கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, காற்றுத் துளையின் மேல் விபூதி பூசாமலிருந்தால் சரி. ஆனால் கண்ணூறு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் மூடியைத் திறந்து பார்க்க எவரும் முனைவதில்லை என்பதே என் மனக்குறை.

கொள்ளளவியின் ஆயுளைத் தீர்மானிப்பது வெப்பம். 10 பாகை செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியியலாளர்கள் கையாளும் கணக்கு. 105 பாகையில் 2,000 மணித்தியாலம் என்று குறிக்கப்பட்ட கொள்ளளவி, 65 பாகையில் 32,000 மணித்தியாலம் நிற்கும். 75 பாகையில் அதுவே 16,000 ஆகிவிடும். தகரக் கூரையின் கீழ் 35 பாகையில் ஓடிய கணினிக்கும், 25 பாகைக் குளிரூட்டிய அலுவலக அறையில் ஓடிய கணினிக்கும் இடையே இந்தக் கணக்குப்படி ஆயுளில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இந்த வெயிலிலும் செம்மண் தூசியிலும் மின்னணுக் கருவிகள் எத்தனை ஆண்டு நின்றுபிடிக்கின்றன என்று அளந்து பார்க்க ஒரு சிறு ஆராய்ச்சி நிதி ஒதுக்கினால், குளிர்நாட்டு அட்டவணைகளை வைத்து நாம் கணக்குப் பார்க்க வேண்டியிராது.

வேறொரு சாவும் உண்டு. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட கொள்ளளவிகள் பலவற்றில் நீர் அதிகமான மலிவான மின்பகுபொருள் இருந்தது, அலுமினியத்தை நீரிலிருந்து காக்கும் சேர்மானம் சரியாக இருக்கவில்லை. நீர் அலுமினியத்தோடு தாக்கமுற்று ஐதரசன் வாயு சேர, உருளையின் தலை வீங்கி, அதில் வெட்டியிருக்கும் கோடு பிளந்து பழுப்புப் பசை கசிந்தது. பென்டியம் 4 காலத்தின் பெரும்பகுதி இந்தக் காலத்துக்குள்தான் விழுகிறது.

எனவே வவுனியாவுக்குப் போகும் வாசகர் முதலில் செய்ய வேண்டியது, கணினியை முதல் நாளே மின்னிணைப்பிலிருந்து கழற்றி வைக்கும்படி கடைக்காரரிடம் தொலைபேசியில் சொல்வது. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் இயந்திரத்தைத் தொட்டு, ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதில்லையா, அதே தந்திரந்தான். காலையிலேயே போய், குளிர்ந்த கணினி முதல் அழுத்தலில் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்து ஒவ்வோர் உருளையின் தலையிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தட்டையாக இருந்தால் நல்லது. தலையில் வெட்டுக்கோடே இல்லாமல் நிறப் பட்டை மட்டும் தெரிந்தால் அவை திண்மப் பல்பகுதியக் கொள்ளளவிகள், வற்றுவதற்கு அவற்றில் திரவமே இல்லை. 2006இல் வந்த கோர் 2 டுவோ வகைக்குரிய பிற்காலப் பலகைகளில் இவை கிடைக்கும், எக்ஸ்பியும் அவற்றில் ஓடும். சமாந்தரத் துறை இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

தாய்ப்பலகையின் கொள்ளளவிகளை மாற்ற முடியும். கொள்ளளவத்தைக் காட்டும் மைக்ரோபரட்டு அளவு அதேயாகவும், வோல்ற்று அதேயோ கூடவோ ஆகவும், உள்தடை குறைந்த வகையாகவும் இருக்க வேண்டும், நேர் மறை மாறக்கூடாது. மின்வழங்கியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம், அதிலுள்ள பெரிய கொள்ளளவிகள் 325 வோல்ற்று வரை தேக்கி வைத்திருப்பவை. அதை முழுதாக மாற்றுவதே பாதுகாப்பு.

இரண்டில் எதை என்று கேட்டதற்கு, குளிரூட்டிய அறையில் இருந்தது உறுதியானால் அலுவலகக் கணினியையே சொல்வேன். நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நின்றுவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்க வேண்டாம். ஆனால் வவுனியாவுக்குப் பேருந்து ஏறும் முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நல்ல வெயில் நாளில், மதியம் ஒரு மணியளவில், பழைய கணினியை எழுப்பி, கல்வெட்டுக் கோப்புகளை எழுத்துருவோடு சேர்த்து வெளி வட்டொன்றில் பிரதி எடுத்துவிடுங்கள், பிரதி முடியும் வரை கணினியை நிறுத்த வேண்டாம்.